ஒன்பது நாள் காய்ச்சல்

தென்பாதி,
பூதலூர் வழி.
ஆகஸ்ட் 12

அன்புள்ள தம்பி அறிவுச்செல்வனுக்கு அக்கா மலர்க்கொடி எழுதுவது.

இங்கு நானும் உன் ராஜாங்கம் மாமாவும் மதிவதனியும் சுகம். புனேயில் நீ வேளா வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று தெரியவில்லை. சாப்பிடு.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். நீ போன் செய்தால் நான் எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. போனில் நீ பேச ஆரம்பித்தால் மைக் பிடித்த மாதிரி பேசுகிறாய். நான் ஒரு ‘ம்’ கொட்டுவதற்குள் நாலு விஷயம் தாண்டிப் போய்விடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் இனி நமக்குள் கடிதம்தான். உனக்கு யாரும் போன் செய்யக் கூடாது, நீ செய்தாலும் எடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

மதிவதனியின் நிச்சயதார்த்தத்தில் தாய்மாமன் நீ செய்ததை நீயே ஒருமுறை நினைத்துப் பார். பந்தியில் இலைக்கு ஒன்றாக வைத்த சின்னத் தண்ணீர் பாட்டிலை, சம்பந்தி வீட்டார் கை வைப்பதற்குள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அட்டைப்பெட்டியில் போட்டாய். மாப்பிள்ளையின் பெரியப்பா விக்கலோடு உட்கார்ந்திருக்கிறார். நீ அவரிடம், “இது நானூறு வருஷம் ஆனாலும் மக்காதுங்க” என்று பாடம் எடுக்கிறாய். பெண் வீட்டில் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று அந்த ஊரில் இன்னும் பேச்சாம்.

நீ சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. முதல் நாளே என்னைக் கேட்டிருந்தால் செம்பும் டம்ளரும் எடுத்து வைத்திருப்பேன். நீ கேட்கவில்லை, சொன்னாய். எனக்கு வலித்தது அதுதான்.

இன்னொன்று. உன் பையில் விமானத்துச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. “ஆகாசத்துல புகை விட்டுக்கிட்டு வந்து பாட்டிலுக்குச் சண்டை போடுறாரே” என்று மாமா அன்றைக்கே கேட்டார். நான்தான் வாயை அடைத்தேன். ஊருக்குத்தான் உபதேசமா தம்பி?

பதில் போடு.

அன்புடன்,
அக்கா


புனே
ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

பாட்டில் விஷயத்தில் நான் நடந்துகொண்ட விதம் தப்பு. மன்னித்துவிடு. ஆனால் யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆக வேண்டும்? எல்லோரும் சபையில் மரியாதைக்காகச் சும்மா இருந்து இருந்துதான் வெயில் இந்த நிலைக்கு வந்திருக்கிறது. சித்திரையில் வயல் வேலைக்கு ஆள் வரமாட்டேன் என்கிறார்கள் என்று போன வருஷம் நீயே சொன்னாய்.

விமானம் பற்றி நீ கேட்டது நியாயம். சுட்டது. இன்றிலிருந்து ஒரு வருஷம் நான் விமானத்தில் ஏறமாட்டேன். ஊருக்கு ரயில்தான், ஒன்றரை நாள் ஆனாலும்.

பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் நெல் வயலைத்தான் அளந்துகொண்டிருக்கிறோம். வயலில் எந்நேரமும் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் காற்றுப் போகாது. அதில் மீத்தேன் என்கிற வாயு உண்டாகி மேலே வருகிறது. பூமி சூடாவதில் அதற்கும் பங்குண்டு. வயலைச் சில நாள் காயவிட்டுப் பிறகு பாய்ச்சினால் அது பாதியாகக் குறைகிறது. புதுசு ஒன்றுமில்லை, நம் ஊரில் சொல்கிற காய்ச்சலும் பாய்ச்சலும்தான். அப்பா வாங்கிய ரெண்டு ஏக்கரில், அந்த ஆறு மா நிலத்தில் இந்தச் சம்பாவுக்கு அதைச் செய்வாயா? துளை போட்ட குழாய் ஒன்று அனுப்புகிறேன். அதை வயலில் புதைத்தால் மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

மாமாவுக்கு வணக்கம். மதிக்கு என் அன்பு.

உன் தம்பி,
அறிவு


தென்பாதி
செப்டம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உனக்கு ஜலதோஷம் பிடித்தால் மஞ்சள் போட்டுப் பால் குடி, மாத்திரையை நம்பாதே.

நீ மன்னிப்புக் கேட்ட வரிக்கு அடுத்த வரியே ‘ஆனால்’ என்று ஆரம்பிக்கிறது. மதிவதனி அதை வாசித்துக் காட்டிச் சிரித்தாள்.

குழாய் வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக் பாட்டில் ஆகாது என்றவன் பிளாஸ்டிக் குழாய் அனுப்பியிருக்கிறான். பக்கத்து வயல் துரைக்கண்ணு அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எலிக்குப் போர் போட்டுக் குடுக்குறீங்களா?” என்று கேட்டார். மீத்தேன் எடுக்காதே என்று நாங்களெல்லாம் ரோட்டில் உட்கார்ந்தோமே, நினைவிருக்கிறதா? இப்போது எங்கள் வயலே மீத்தேன் விடுகிறது என்கிறாய். இதை ஊரில் சொன்னால் என்னைத்தான் ரோட்டில் உட்கார வைப்பார்கள்.

விளையாட்டு போகட்டும். நீ கேட்டது எனக்குச் சின்ன விஷயமில்லை. அப்பா இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் கட்டினார். மேலே இருக்கிற பண்ணை நிலமெல்லாம் குடித்து முடித்த பிறகு வாய்க்கால் முடிகிற இடத்தில் மிச்சம் இருந்தால்தான் நம் ஆட்களுக்கு. அந்தக் கடைமடையில்தான் அவருக்கு நிலம் கிடைத்தது. முதல் தடவை நம் வயலில் தண்ணீர் நிறைந்து நின்ற அன்று அவர் வரப்பைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. சோற்றை நான்தான் அங்கே கொண்டுபோனேன். நீ கைப்பிள்ளை, உனக்குத் தெரியாது. வேம்பு வயல் காய்ந்து கிடக்கிறது என்று அவர் பெயரைச் சொல்லி யாரும் பேசக் கூடாது என்பதுதான் அவருக்கு மானம். அந்த வயலை நானே வேண்டுமென்று காயப்போட வேண்டும் என்கிறாய்.

மூன்று நாள் யோசித்தேன். நீ இந்தத் தடவை கேள்விக்குறி போட்டுக் கேட்டிருக்கிறாய். அதற்காக ரெண்டு மா தருகிறேன். மீதி நாலு மாவில் தண்ணீர் நிற்கும். அதைப் பற்றிப் பேசாதே.

அன்புடன்,
அக்கா


புனே
செப்டம்பர் 22

அன்புள்ள அக்கா,

நலம். நலமறிய ஆவல்.

ரெண்டு மா போதும். உன்னை மாதிரி ஒரு ஆள் இந்த வேலைக்கு எனக்குக் கிடைக்கவே மாட்டாள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

நடவு முடிந்து பத்து நாள் தண்ணீர் நிற்கட்டும். அப்புறம் காயவிடு. குழாய்க்குள் பார்த்துக்கொண்டே வா. மண்ணுக்குக் கீழே அரை அடி இறங்கியதும் பாய்ச்சு. எழுதும்போது நீளமாக எழுத வேண்டாம், எத்தனை நாள் காய்ச்சல், தண்ணீர் இறங்கியதா இல்லையா, இது ரெண்டு மட்டும் போதும். நவம்பர் கடைசியில் ஆய்வாளர்கள் கூட்டத்தில் இதை வைத்து நான் பேச வேண்டும்.

அவசரத்தில் முடிக்கிறேன்.

அறிவு


தென்பாதி
அக்டோபர் 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் கொஞ்சம் அசதி, நடவு வேலைதான். நீ எப்படி இருக்கிறாய்?

நீ கேட்டபடி: ஐந்து நாள் காய்ச்சல். தண்ணீர் இறங்கியது. நேற்றுப் பாய்ச்சினோம்.

நீளமாக எழுதாதே என்றாய். ஆனாலும் ஒரு கேள்வி கேட்கிறேன், இதற்கு மட்டும் பதில் வேண்டும். வாய்க்காலில் எங்களுக்குத் தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது. நான் காயவிட்டு, சரி இனி பாய்ச்சலாம் என்று மண்வெட்டியோடு போகிற அன்று முறை எங்களுக்கு இல்லையென்றால்? மேலே இருப்பவர் அடைத்துக்கொண்டால்? காயவிடுவது என் கையில் இருக்கிறது. பாய்ச்சுவது என் கையில் இல்லையே தம்பி. மழையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. மோட்டார் வைத்திருக்கிறவருக்குச் சொல்கிற யோசனையை எனக்குச் சொல்கிறாயோ என்று ஒரு சந்தேகம். அப்பா வயலில் எப்போதும் தண்ணீரைத் தேக்கி வைத்ததற்கு மானம் மட்டும் காரணமில்லை, பயமும்தான் என்று இப்போது எனக்குப் படுகிறது.

யோசித்து எழுது. காத்திருக்கிறேன்.

அக்கா


தென்பாதி
நவம்பர் 2

தம்பிக்கு,

ஒன்பது நாளாகக் காய்ச்சல். தண்ணீர் இறங்கவில்லை. மாமா ரொம்பப் பயப்படுகிறார். என்ன செய்வது என்று எனக்கும் புரியவில்லை. முடிந்தால் உடனே பதில் சொல்.

அக்கா


புனே
நவம்பர் 8

அன்புள்ள அக்கா,

நலம். நலமறிய ஆவல்.

உன் போன கடிதத்துக்குப் பதில் எழுத நேரமே கிடைக்கவில்லை. நேற்று வந்த கார்டைப் பார்த்துத் துள்ளிவிட்டேன். ஒன்பது நாள் காய்ச்சலில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் அது சாதாரண விஷயமில்லை. நான் எதிர்பார்த்ததைவிட நல்ல சேதி.

மாமாவிடம் சொல், பயப்பட ஒன்றுமே இல்லை. இன்னும் நாலு நாள் தாராளமாகத் தாங்கும். அவசரப்பட்டுத் தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள். மேலே லேசாக வெடிப்பு விட்டாலும் கவலை வேண்டாம், உள்ளே ஈரம் இருக்கும். கொஞ்சம் மஞ்சளாகத் தெரியலாம், தானாகத் தெளிந்துவிடும்.

எத்தனை நாள் தாங்கியது என்று மட்டும் மறக்காமல் குறித்து வை. கூட்டத்தில் உன் பெயரைச் சொல்லப் போகிறேன்.

மகிழ்ச்சியுடன்,
அறிவு


புனே
டிசம்பர் 1

அன்புள்ள அக்கா,

நலம். நலமறிய ஆவல்.

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கூட்டத்தில் உன் வயலைப் பற்றிப் பாதிதான் சொல்ல முடிந்தது. பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள், அதோடு பேச்சை முடித்துக்கொண்டேன். குழாயைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாயா? பிடிக்கவில்லை என்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாம். ரெண்டு வரி எழுத எவ்வளவு நேரமாகும்?

அறிவு


தென்பாதி
டிசம்பர் 7

மாப்பிள்ளை அறிவுச்செல்வன் அவர்களுக்கு இராஜாங்கம் எழுதுவது.

இங்கு இப்போது சுகம். அங்கும் சுகமாக இருக்க வேண்டும்.

எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. மலர் எழுதக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறாள். உங்கள் போன கடிதத்தை வாசித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒன்பது நாள் காய்ச்சல் வயலுக்கு இல்லை மாப்பிள்ளை. உங்கள் அக்காவுக்கு. டைபாய்டு. ஒரு வாய்த் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை, குடித்ததும் வாந்தி. அந்தக் கார்டைப் படுத்தபடியேதான் எழுதினாள், நான்தான் அட்டையைப் பிடித்துக்கொண்டேன். கார்டு போட்ட ரெண்டாம் நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பதினான்கு நாள் இருந்தோம்.

போன் செய்கிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டேன். “எழுதியிருக்கேன்ல, படிச்சா அவனே கூப்பிடுவான்” என்றாள். என் போனைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னாள். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் யார் என்று பார்ப்பாள்.

உங்கள் பதில் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நான்தான் உரக்க வாசித்தேன். பயப்பட ஒன்றுமே இல்லை, அவசரப்பட்டுத் தண்ணீர் கொடுக்காதீர்கள், கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும் என்றதும் பக்கத்துப் படுக்கை அம்மாள், “எழுதியிருக்கறது டாக்டரா?” என்று கேட்டார். “ஆமாங்க, டாக்டர்தான், என் தம்பி” என்று உங்கள் ஆராய்ச்சிப் பட்டத்தைச் சொல்லி மலர் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வயலைக் கேட்டிருக்கிறீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நமக்குத் தண்ணீர் முறை வந்த ரெண்டு தடவையும் நான் ஆஸ்பத்திரியில். நாலு மாவில் நின்ற தண்ணீர் அதைக் காப்பாற்றிற்று. உங்கள் ரெண்டு மா விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துவிட்டது. கருகாமல் காப்பாற்றியது துரைக்கண்ணுதான். தன் வரப்பை வெட்டித் தன் வயல் தண்ணீரை நம் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார். பிறகு மழை பிடித்துக்கொண்டது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். இருக்கிறது.

இப்படிக்கு,
இராஜாங்கம்


புனே
டிசம்பர் 12

அக்கா,

மாமாவின் கடிதம் இன்று காலை வந்தது. வாசலிலேயே நின்று படித்தேன். உடனே போனை எடுத்து உன் எண்ணை அழுத்தப் போய், நீ போட்ட கட்டளை நினைவுக்கு வந்து வைத்துவிட்டேன். அப்புறம் அந்தக் கட்டளைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்கிறேன் என்று புரிந்தது.

இதுவரை உனக்கு நாலு கடிதம் எழுதினேன். நாலிலும் ‘நலமறிய ஆவல்’ என்று போட்டேன். ஒன்றிலாவது, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேனா என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். இல்லை. அசதியாக இருக்கிறது என்று அக்டோபரிலேயே எழுதினாய். அதைப் படித்த ஞாபகமே எனக்கு இல்லை, ஐந்து நாள் என்கிற எண்ணை மட்டும் எடுத்துக் குறித்துவைத்திருக்கிறேன். தண்ணீர் முறையைப் பற்றி நீ கேட்டதற்கு நான் பதில் போடாததும் நேரமில்லாமல் இல்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று உன்னிடம் எழுத வெட்கமாக இருந்தது.

இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் நான் வந்துவிடுவேன். ஆனாலும் எழுதுகிறேன். நேரில் வந்தால் உன்னைப் பேசவிடாமல் நானே பேசித் தீர்த்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. சொல்ல வேண்டியதையெல்லாம் இதிலேயே சொல்லிவிட்டேன். அங்கே வந்து வாயைத் திறக்கமாட்டேன்.

அக்கா, எனக்கு அம்மாவும் நீ, அப்பாவும் நீ. ஒன்பது நாள் நீ தண்ணீர் குடிக்க முடியாமல் கிடந்திருக்கிறாய், நான் துள்ளினேன் என்று எழுதியிருக்கிறேன்.

அறிவு


தென்பாதி
பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காய்ச்சல் இல்லை, மாமாவுக்கு இல்லை, மதிக்கு இல்லை. வயலுக்கு இருந்தது, அதுவும் அறுவடையோடு முடிந்தது. இனி இந்த வீட்டிலிருந்து போகிற கடிதமெல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

உன் கடிதம் நீ வந்த மூன்றாம் நாள் வந்தது. அதற்குள் நீ கொல்லையில் எனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாய். அடிப்பிடித்த கஞ்சி. தபால்காரரிடம் வாங்கி, அடுப்புப் பக்கம் வராமலே படித்துவிட்டு மடித்து வைத்தேன். வாயைத் திறக்கமாட்டேன் என்று எழுதியதைப் பத்து நாளும் காப்பாற்றினாய். உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

விமானத்தில் வந்ததைச் சொல்லாமல் மறைத்தாய். பையில் தொங்கிய சீட்டை உள்பக்கமாகச் சொருகி வைத்திருந்தாய். துணி துவைக்க எடுக்கும்போது பார்த்தேன். ஒரு வருஷம் ஏறமாட்டேன் என்றவன் நாலு மாதத்தில் ஏறிவிட்டாயே என்று இந்தத் தடவை மாமா கேட்கவில்லை. அவர் போய்த் துரைக்கண்ணுவிடம், “தம்பி ஏரோபிளேன்ல வந்துட்டாரு” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சீட்டை நான் எடுத்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

வயல் விஷயம். காற்றில் நாலு மாவும் சாய்ந்துவிட்டது, மிஷின் அறுக்கத் திணறியது. ரெண்டு மா சாயாமல் நின்றது, வேர் ஆழம் என்று துரைக்கண்ணு சொல்கிறார். ஆனால் வெடித்த இடத்தில் கதிர் சின்னது, பதர் அதிகம். மா ஒன்றுக்கு ஒரு மூட்டை குறைவு. ஆகமொத்தம் நீயும் ஜெயிக்கவில்லை, நானும் தோற்கவில்லை. அடுத்த சம்பாவுக்கு ஆறு மாவையும் காயவிடலாமா என்று மாமா கேட்கிறார். முறைத் தண்ணீர் இன்ன தேதிக்கு வரும் என்று மேல்மடைக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடித்தால் விடலாம் என்றேன். நீ இங்கே இருந்தபோது துரைக்கண்ணுவோடு வாய்க்கால் நெடுக நடந்தாயாம், மதகுக்கு மதகு நின்று ஒவ்வொருவரையும் கேட்டாயாம். என்ன சொன்னான் என்று விசாரித்தேன். “ஒண்ணும் சொல்லலங்க, கேட்டுக்கிட்டே இருந்தாரு” என்றார். அன்றைக்குத்தான் என் மனசு ஆறியது.

வைகாசியில் மதி கல்யாணம். பந்தியில் பாட்டில் கிடையாது. கும்பகோணத்தில் பித்தளைச் செம்பும் டம்ளரும் வாடகைக்குச் சொல்லியாகிவிட்டது. செம்பைத் தூக்கிக்கொண்டு இலைக்கு இலை தண்ணீர் ஊற்றப் போவது தாய்மாமன் நீதான். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு முதலில் ஊற்று. அவர் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசாதே.

போன் தடையை எடுத்துவிட்டேன். ஆனாலும் கடிதம் எழுது.

அன்புடன்,
அக்கா


புனே
பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குக் காய்ச்சல் இல்லை.

போனில் கேட்டால் நல்லா இருக்கேன் என்று சொல்லி வைத்துவிடுவாய். எழுத்தில் உன்னால் பொய் சொல்ல முடியாது. அதனால் இந்தக் கடிதம் முழுக்க ஒரே ஒரு கேள்விதான். பதிலை எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுது.

தண்ணீர் இறங்குகிறதா? உன்னைத்தான் கேட்கிறேன்.

உன் தம்பி,
அறிவு